ஜப்பான் படத்தில் வந்த வெள்ளைத் துணி

அந்தப் படம் எப்படி என்று கேட்டால் எங்கள் லயத்தில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். அதில் வருகிறவன் கிறுக்கன் என்றார்கள். என் வீட்டுக்காரர் ஒருவர் மட்டும், அவன் செய்தது சரி என்றார்.

வீடியோ டெக்கு வாடகைக்கு எடுத்துப் படம் பார்க்கிற காலம் அது. எங்கள் எஸ்டேட் போடி மலையில், குரங்கணி ஊருக்கு மேலே இருந்தது. நடந்து ஏறினால் மூன்று மணி நேரம். ஏலத் தோட்டம். ஒரே வரிசையில் பன்னிரண்டு வீடுகள், அதுதான் லயம். நான் காய் எடுக்கப் போவேன். அவர் ஸ்டோரில் காய் உலர்த்துகிறவர்.

காய் உலர்த்துவது லேசுப்பட்ட சோலி இல்லை. பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, ரூமைச் சாத்தி, வெளியே அடுப்பில் விறகு போட்டுச் சூடு ஏற்ற வேண்டும். காய் வேர்க்கும். அந்த ஆவியை நேரம் பார்த்து ஜன்னலைத் திறந்து வெளியே விட வேண்டும். பிந்தினால் காய் வெந்துவிடும். பச்சை போய் மஞ்சளாகிவிடும். மஞ்சளான காயை மறுபடி பச்சையாக்க யாராலும் முடியாது.

பதினோரு வருஷம் அவர் கையில் ஒரு தட்டு கெட்டதில்லை. ஸ்டோர்ச் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கும். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார்.

அந்த வருஷம் காய்ப்பு அதிகம். இரண்டு நாள் கண் மூடாமல் அடுப்போடு கிடந்தார். மூன்றாம் நாள் உட்கார்ந்தபடியே அசந்துவிட்டார். முழித்தபோது விடிந்திருந்தது. கதவைத் திறந்தார். ரூம் முழுக்க மஞ்சள்.

முதலாளி போடியில் இருந்தார். நல்ல மனுஷன் என்று பெயர். மறுநாள் ஜீப்பில் வந்தார். காயை ஒரு கை அள்ளினார், பார்த்தார், திரும்பப் போட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. கையை மட்டும் நீட்டினார். இவர் சாவியைக் கழற்றி அதில் வைத்தார். முதலாளி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

மறுநாளில் இருந்து இவர் எங்களோடு காட்டில் களை வெட்ட வந்தார். நன்றாகத்தான் வெட்டினார். பேசவில்லை. சோறு வைத்தால் தின்றார். வைக்காவிட்டால் கேட்கவில்லை. கை மட்டும் அடிக்கடி இடுப்புக்குப் போய் வரும்.

அந்த எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய எடுப்பு முடிந்ததும் முதலாளி வீட்டிலிருந்து வேட்டி வரும். எல்லோருக்கும் இல்லை. கங்காணி, ஸ்டோர்காரர், ஜீப்பு டிரைவர் இப்படிப் பொறுப்பில் இருக்கிறவர்களுக்கு மட்டும். ஒரு தடவை டிரைவர் ஜீப்பைப் பள்ளத்தில் விட்டுவிட்டார். வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருஷமும் அவருக்கு வேட்டி வந்தது. மறுநாள் அவரே ஜீப்பை ஓட்டினார். அதிலிருந்து எங்களுக்குள் ஒரு பேச்சு. வேட்டி வந்தால் மன்னித்துவிட்டார்கள் என்று அர்த்தம். முதலாளி அப்படிச் சொன்னதில்லை. நாங்களே வைத்துக்கொண்டதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் டிவி வந்தது, டெக்கு வந்தது, ஜெனரேட்டர் வந்தது. கூடவே பேப்பரில் சுற்றிய வேட்டிகள் வந்தன. ஒன்றை டிரைவர் என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

"இந்தாங்கண்ணே. மொதலாளி வீட்டுல குடுத்து விட்டாக. சாவி கைக்கு வந்த மாதிரிதான்."

இவர் வாங்கிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அன்று இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கினார். அது போதும் எனக்கு. வேட்டியைப் பிரிக்காமல் பரணில் வைத்தேன்.

காலையில் பெயர் கூப்பிட்டு ஆள் எடுக்கிற கொட்டகையில்தான் படம். வெளிச்சம் வராமல் ஜன்னலில் சாக்கு கட்டினார்கள். முதலில் ஒரு தமிழ்ப் படம் போட்டார்கள். கால்வாசி ஓடும் முன்பே டெக்கு நாடாவைத் தின்றுவிட்டது. டிரைவர் உள்ளே கை விட்டு முழம் முழமாக இழுத்தார். அவரைப் பெற்றவர்கள் வரை இழுத்துத் திட்டினார்கள். மீதி இருந்தது ஒரே கேசட். வாள் தூக்கிய ஆள் படம் போட்ட அட்டை. கடைக்காரன் சும்மா சேர்த்துக் கொடுத்தது.

"சண்டைப் படமப்பா. ஜப்பான்காரன் படம். போடவா வேணாமா?"

"போடு. வாடகை டெக்கு சும்மா கெடக்கவா?"

முதலில் பனி. மலை முழுக்க வெள்ளை. குதிரைகள் வந்தன, கொடிகள் வந்தன. ஒருத்தன் கோட்டை வாசலில் அசையாமல் நின்றான். ரொம்ப நேரம் நின்றான்.

"பாட்டு எப்ப வரும்?"

"வந்தா மட்டும் ஒனக்கு வெளங்கிருமாக்கும்!"

"பொம்பளையே காணோமேப்பா."

"அந்தா குடுமி வச்சிருக்கே, அது பொம்பளைதான."

"அடச்சீ, மீச இருக்குடா."

அந்த பாஷை யாருக்கும் தெரியாது. கங்காணிதான் கதை சொன்னார். யார் வேலை வாங்குகிறவன், யார் செய்கிறவன் என்று கண்டுபிடிக்க அவருக்குப் பாஷை தேவைப்படவில்லை. "உசரத்துல உக்காந்திருக்கானே, அவன் மொதலாளி. வாசல்ல நிக்கிறவன் காவக்காரன். நெல்லு குடோனு அவன் பொறுப்பு" என்றார். அது சரியாகத்தான் இருந்தது.

பிறகு மூடுபனி இறங்கியது. காவல்காரன் வாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்குப் பத்தடி தள்ளி எதிரிகள் குனிந்து உள்ளே போகிறார்கள். எங்களுக்குத் தெரிகிறது. அவனுக்குத் தெரியவில்லை. அவன் திரும்பிப் பார்க்கும்போது குடோன் எரிகிறது.

லயமே அவன் பக்கம் பேசியது. எங்களுக்கு மூடுபனி தெரியும். எதிரே நிற்கிற மாடு தெரியாமல் முட்டிக்கொண்டவர்கள் நாங்கள்.

"பனிக்குள்ள என்னத்த தெரியும்? அவன் மேல தப்பு இல்ல."

"மொதலாளி வந்து கேக்கட்டும், நாஞ் சொல்றேன்."

மொதலாளி வந்தான். அவனும் திட்டவில்லை. காவல்காரனை எதிரில் உட்காரச் சொல்லி ஒரு கிண்ணத்தில் சாயா ஊற்றிக் கொடுத்தான். இரண்டு பேரும் பேசாமல் குடித்தார்கள். பிறகு ஒரு ஆள் மரத்தட்டில் மடித்த வெள்ளைத் துணி கொண்டுவந்து வைத்தான்.

"வேட்டி வந்துருச்சு!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். கொட்டகை முழுக்கக் கைதட்டல். டிரைவர் விசில் அடித்தார். கங்காணி என் வீட்டுக்காரர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"பாத்தியா மாப்ளே! ஜப்பான்லயும் நம்ம வழக்கம்தான். ஒன்னயமாதிரியேதான்!"

இவர் சிரித்தார். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் அவர் பல்லைப் பார்த்தேன்.

காவல்காரன் குளித்தான். வெள்ளை உடுத்தினான். முற்றத்தில் பாய் விரித்திருந்தது. சுற்றிலும் பெரிய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"விருந்து வைக்கப் போறாக போல" என்றது பக்கத்து வீட்டு அக்கா.

அவன் முன்னால் ஒரு தட்டு வைத்தார்கள். அதில் ஒரு சின்னக் கத்தி.

"பழம் வெட்டவா இருக்கும்" என்றது அக்கா.

அவன் அதை எடுத்துத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொண்டான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அவன் குப்புறக் கிடந்தான். யாரும் ஓடிப் போய்ப் பிடிக்கவில்லை. சுற்றி இருந்தவர்கள் தலையைக் குனிந்தார்கள். மொதலாளி கிண்ணத்தில் இருந்த மீதிச் சாயாவைக் குடித்தான்.

வெளியே ஜெனரேட்டர் மட்டும் ஓடியது. பிறகு யாரோ சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். சாக்கை அவிழ்த்ததும் வெயில் கண்ணில் குத்தியது.

வெளியே அக்கா பால் இல்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தது. அதைக் குடித்துக்கொண்டே எல்லோரும் படத்தைப் பிரித்து மேய்ந்தார்கள்.

"குதிர நல்லாருந்துச்சு. மத்ததெல்லாம் தெண்டம்."

"சண்டைப் படம்னு சொல்லி எழவு வீட்டைக் காட்டிட்டானே!"

"எரிஞ்சது நெல்லு. அதுக்குப் போயி வயித்தைக் கிழிச்சிக்கிருவானா ஒருத்தன்? அறுக்க அறுக்க நெல்லு வெளையுது."

"நானா இருந்தா அந்த வெள்ளைத் துணியக் கட்டிக்கிட்டு அப்படியே மாமியா வீட்டுக்குப் போயிருப்பேன்" என்றார் டிரைவர்.

"ஓம் மாமியா கத்தியோட நின்னிருக்கும்" என்றது அக்கா. பிறகு அதுவே சொன்னது: "கிறுக்குப் பய. சாயா குடுத்தாகன்னா குடிச்சிட்டு எந்திரிச்சி வர வேண்டியதுதான?"

என் வீட்டுக்காரர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அவன் செஞ்சது சரி."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"என்ன மாப்ளே சரி?" என்றார் கங்காணி.

"பொறுப்பு அவனோடது. பனி இருந்தா என்ன, இருட்டா இருந்தா என்ன. போனது போனதுதான். திட்டாம துணி குடுத்தாகள்ல? அதுக்கு என்ன அர்த்தம்னு அவனுக்குத் தெரிஞ்சது. ஒங்களுக்குத்தான் தெரியல."

"நீ போயி அவனுக்குத் தம்பியா பொறந்திருக்கணும்" என்று ஒருத்தர் சொன்னார். மறுபடி சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. தம்ளரைக் கீழே வைக்கப் போனேன். சாயா சேலையில் சிந்தியது.

வீட்டுக்கு வந்ததும் பரணில் இருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். விரித்துப் பார்த்தார். ஒரு பக்கம் பார்த்துவிட்டு மறுபக்கம் பார்த்தார்.

"போன வருசம் பச்சக் கரை."

"இருக்கட்டும் மாமா" என்றேன். முறை மாமன் என்பதால் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

"இந்த வருசம் கரையே இல்ல. கோடித் துணியாட்டம் இருக்கு."

செத்தவர்கள் மேல் போடுகிறதைத்தான் எங்கள் பக்கம் கோடி என்போம். அந்த வார்த்தையை வீட்டுக்குள் சொல்ல மாட்டோம். "என்ன பேச்சு இது" என்றேன். அவர் அந்தத் துணியை மடித்தார். படத்தில் மடித்திருந்த மாதிரியே சதுரமாக மடித்தார்.

திங்கட்கிழமை சாவி வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. ஜீப்பு வந்தது, அரிசி வந்தது, உரம் வந்தது. சாவி இல்லை.

புதன்கிழமை நான் மேல்காட்டில் காய் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் அன்று வேலைக்கு வரவில்லை, தலைவலி என்றார். அக்கா என் முழங்கையைத் தொட்டது.

"ஏ புள்ள. அங்க பாரு. வேலை நாளும் அதுவுமா மாப்பிள்ளையாட்டம் எங்க போறாரு?"

குளித்து, சவரம் செய்து, அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு ஒத்தையடிப் பாதையில் போனார். அந்தப் பாதை பாறைக்குப் போகிறது. வேறு எங்கும் போகாது. பாறை விளிம்பில் நின்றால் கீழே போடி தெரியும். நடுவில் ஒன்றும் கிடையாது.

கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். கத்தவில்லை. கத்தினால் என்ன ஆகுமோ என்று பயம்.

உட்கார்ந்திருந்தார். விளிம்புக்கு நாலடி. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வேட்டி முந்தியை என் கையில் சுற்றிக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார், விடு என்று சொல்லவில்லை. காற்று அடித்தது.

"அந்த மனுசன் திட்டவே இல்ல புள்ள" என்றார்.

"அதுக்கு?"

"திட்டிட்டா முடிஞ்சிருச்சின்னு இருக்கலாம். கைய நீட்டுனாரு. இப்ப இதக் குடுத்து விட்டிருக்காரு. நாந்தான் புரிஞ்சிக்கிறாம இருந்திருக்கேன்."

எனக்குப் பேச வராது. புத்தி சொல்ல நான் யார்? பதினோரு வருஷம் அவர் காத்த பெயர். ஒன்று மட்டும் தோன்றியது.

"நா போயி அவருகிட்டயே கேட்டுட்டு வர்றேன். என்ன அர்த்தத்துல குடுத்தீகன்னு. வர்ற வரைக்கும் இரு."

அவர் கீழே தெரிந்த போடியைப் பார்த்தார்.

"கேட்டுட்டு வா" என்றார். "உள்ளதச் சொல்லணும்."

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அது பதறவில்லை. "நீ வெரசா போ. இந்தக் கிறுக்க நாம் பாத்துக்கிறேன்" என்றது. நான் இறங்கும்போது அதன் குரல் கேட்டது. "தம்பி, சும்மாதான இருக்கீக, இந்த வெறகப் பொளந்து குடுங்க."

எஸ்டேட் ஜீப்பு அன்று மேலே இல்லை, நடந்துதான் இறங்கினேன், குரங்கணி வரை எங்கும் நிற்கவில்லை. ஒரு செருப்பு அறுந்தது. இன்னொன்றையும் கழற்றிப் போட்டுவிட்டேன். அங்கிருந்து லோடு ஜீப்பில் போடி.

முதலாளி வீட்டு முன்ரூமில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. எஸ்டேட் பெயரைச் சொன்னேன். ஸ்டோர்காரர் சம்சாரம் என்றேன்.

"என்னம்மா?"

"அய்யா வேட்டி குடுத்து விட்டீக. என்ன அர்த்தத்துலன்னு கேட்டு வரச் சொன்னாரு."

"எந்த வேட்டி?"

உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். கணக்குப்பிள்ளை வந்தார். "வருசா வருசம் குடுக்குறதுதான் அய்யா. போன வருச லிஸ்டுதான் இந்த வருசமும். கரை வேட்டி இல்லைன்னு கடைக்காரன் வெறும் வேட்டியக் குடுத்துட்டான்" என்றார்.

அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, தண்டனையும் இல்லை. பழைய லிஸ்டு.

"அப்ப சாவி, அய்யா?"

"ஓ, காய் வெந்து போச்சே, அந்த ஆளா? கட்டப்பனையிலிருந்து வேற ஆள் வர்றான். அவரு களை வெட்டுறாருல்ல? வெட்டட்டும். எனக்குக் கோவமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. போனது போச்சு."

அவர் மறுபடி பேப்பரை எடுத்தார். நான் நகரவில்லை.

"அய்யா, ஒரு ஒத்தாச. ஒருக்கா மேல வந்து அவரத் திட்டிட்டுப் போங்கய்யா."

அவர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அவர்களுக்கு விளங்கவில்லை.

"வந்த பொம்பளைக்கிச் சோறு போடச் சொல்லு" என்றார்.

நான் தின்னவில்லை. திரும்பக் குரங்கணி வந்து ஏறினேன். ஏறும்போது முழுக்க அதே நினைப்பு. உள்ளதைச் சொல்லச் சொன்னார். உள்ளது என்ன? நீ செத்தாலும் அவருக்கு ஞாபகம் இருக்காது என்பதுதான் உள்ளது. அதை எப்படிச் சொல்வது? பாதி வழியில் பனி இறங்கிவிட்டது. முன்னால் வைக்கிற கால் தெரியவில்லை. லயம் பக்கத்தில் வந்ததும் நின்று கேட்டேன். கோடாலிச் சத்தம் வருகிறதா என்று. வரவில்லை. இன்னும் பத்தடி நடந்து மறுபடி நின்றேன். அப்போது விழுந்தது ஒரு வெட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

அக்கா அவரை விடவே இல்லை. தன் வீட்டு விறகு முடிந்ததும் பக்கத்து வீட்டு விறகையும் இழுத்துப் போட்டிருக்கிறது. வேட்டி முழுக்க மரத்தூள். என்னைப் பார்த்ததும் கோடாலியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

அந்த நேரம்வரை என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"திட்டுனாரு" என்றேன்.

"என்னன்னு?"

"தூங்குமூஞ்சி நாயின்னாரு."

அவர் அசையவில்லை.

"வேற?"

"இம்புட்டு வருசம் சோறு போட்டதுக்கு இதுவாடான்னாரு. ஏம் மொகத்துல முழிக்காதன்னாரு. அடுப்படியில நாயக் கட்டியிருந்தாலும் கொலைச்சு எழுப்பியிருக்கும்னாரு."

பிறகு என் வாய் நிற்கவில்லை. என் ஆயுசில் அவ்வளவு பேசியதில்லை. பெற்றவர்களை இழுத்தேன். பிறந்த ஊரை இழுத்தேன். முதலாளி குரலிலேயே கத்தினேன். அக்கா வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

"சாவி?" என்றார் கடைசியில்.

"தரமாட்டாராம். வேற ஆள் வர்றானாம். நீ களை வெட்டித்தான் சாகணுமாம்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் வெளியே விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. முகத்தைத் துடைத்தார்.

"அம்புட்டும் அவரு வாயாலயே சொன்னாரா?"

"ஆமா."

என்னையே பார்த்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. உள்ளே போய் வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கைலி கட்டிக்கொண்டு வந்தார். கோடாலியை எடுத்து மீதி விறகையும் பிளந்தார்.

காலையில் கொட்டகைக்குப் போனோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். அவர் பெயரைக் கூப்பிட்டார். பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். எனக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

"இருக்கேன்" என்றார்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் அந்த எஸ்டேட்டில் இருந்தோம். தினமும் காலையில் அந்தப் பதில் காதில் விழும்வரை நான் கூடையைக் கையில் எடுத்ததில்லை.